மண்ணாங்கட்டி மனைவி பாஞ்சாலை என்னும் நான்

பாஞ்சாலை அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் வாயில் வராத ஒரு வார்த்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வார்த்தை மண்ணாங்கட்டி.

அது அவள் வீட்டுக்காரரின் பெயர். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. இதையாவது எமன் கண்ணில் படாமல் காப்பாற்றலாம் என்று பெற்றவர்கள் அப்படி ஒரு பெயரை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். அவஸ்தைப்பட்டது அக்கா. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தசரதனைக் கட்டிக்கொண்டவள் தசரதன் என்று சொல்லாமலே ஆயுசைக் கழித்துவிடலாம். வேர்க்கடலைக் கொல்லையில் நாள் முழுக்கக் களைக்கொத்து பிடிக்கிறவள் மண்ணாங்கட்டி என்று சொல்லாமல் எப்படி இருப்பாள்? அக்கா இருந்தாள். "தோ, அந்த மண்ணுருண்டைய ஒடைங்கம்மே" என்பாள். கோபம் வந்தால் நாங்களெல்லாம் "ஒனக்கு இன்னா மண்ணாங்கட்டி தெரியும்" என்று கத்துவோம். அவள் மட்டும் "இன்னா களிமண்ணு தெரியும்" என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்து சண்டையே நின்றுவிடும்.

நான் மணிமொழி. அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். கம்மியாகப் பேசுகிறவர்கள் என்னத்தை வாரிக் கட்டிக்கொண்டார்கள்?

எங்கள் ஊர் அடி அண்ணாமலையை ஒட்டி, கிரிவலப் பாதையின் மேலேயே இருக்கிறது. பௌர்ணமி வந்தால் ஊர் ஆண்களுக்குக் கொண்டாட்டம். டீ, சர்பத், சூடம், வேகவைத்த கடலை என்று எதை வைத்தாலும் விற்கும். எங்களுக்கு அது தண்டனை நாள். ஊரில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது, கொல்லைப் பக்கம் இருட்டில்தான் போக வேண்டும். பௌர்ணமியன்று இருட்டு எங்கே இருக்கிறது? வானத்தில் நிலா, பாதை முழுக்க ஜனம், கொல்லை வரப்பிலும் ஜனம். அதனால் பெண்கள் அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம். சுற்ற வந்த பெண்களின் பாடு அதைவிட மோசம். ஒரு பௌர்ணமியன்று வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கயாவது ஒரு மறைவு காட்டும்மா" என்று அழுதாள். அக்கா தன் பழைய புடவையை எடுத்துப்போய் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தவள் என்னிடம், "சாமியச் சுத்த வந்தவள இப்படி அழ வெக்கிறோமே, நம்ம ஊரு ஒரு ஊரா?" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

பாதையோரம் குட்டைக்குப் பக்கத்தில் ஊராட்சிக்குச் சொந்தமான ஒரு இடம் சும்மா கிடந்தது. அதில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும் என்பது அன்றையிலிருந்து அக்காவின் ஒரே ஆசை.

தொண்ணூற்றாறாம் வருஷம் அந்த ஆசைக்கு ஒரு வழி வந்தது. டில்லியில் அப்போது, சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார்கள். அது வருமா வராதா என்று பேப்பரில் தினமும் சண்டை. ஊராட்சிக்கு அந்தச் சண்டை எல்லாம் இல்லை, சட்டம் முன்பே ஆகிவிட்டது. அந்த வருஷத் தேர்தலில் எங்கள் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

பாதையில் டீக்கடை வைத்திருக்கும் சடையன் அண்ணனுக்கு இது ஆகவே ஆகாது. "பொம்பளைங்கள நிக்க வெச்சா இன்னா ஆவும்? புருஷன்காரன்தான் ஆளப்போறான். அதுக்கு நேரா அவனையே நிக்க வெச்சிட்டுப் போலாமே" என்று டீ ஆற்றிக்கொண்டே சொல்வார். கடையிலிருந்த அத்தனை பேரும் தலையாட்டுவார்கள்.

மண்ணாங்கட்டி மாமாவுக்குத் தலைவராக வேண்டும் என்று வெகுநாள் கனவு. ஒதுக்கீடு என்றதும் இடிந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம், தனக்கும் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்பது ஞாபகம் வந்து எழுந்துகொண்டார். ஊர்ச் சுவரெல்லாம் 'மண்ணாங்கட்டி மனைவி' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து, அதன் அடியில் பொடியாகப் 'பாஞ்சாலை'. "எம் பேரு எங்கங்க?" என்று கேட்டாள் அக்கா. "தோ கீழ இருக்குது பாரு, குனிஞ்சு பாரு" என்றார் மாமா. அக்கா ஜெயித்தாள். பாதி ஓட்டு மாமாவுக்காக விழுந்தது. மீதியைப் பெண்கள் கக்கூஸுக்காகப் போட்டோம்.

பதவியேற்பு அன்று நல்ல கூட்டம். அதிகாரி உறுதிமொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க, அக்கா திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ஆரம்பித்தார்: "மண்ணாங்கட்டி மனைவி பாஞ்சாலை என்னும் நான்..."

அக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில், "எங்க வூட்டுக்காரரு மனைவி பாஞ்சாலை என்னும் நான்" என்றாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பேரைச் சொல்லும்மா" என்றார் அதிகாரி. அக்கா என்னைப் பார்க்கிறாள், கூரையைப் பார்க்கிறாள், வார்த்தை வரவில்லை. பின்னாலிருந்து மாமா கையைத் தூக்கி, "மண்ணாங்கட்டி!" என்று தானே உரக்கச் சொன்னார். அக்கா மீதியை முடித்தாள்.

வந்தது வினை. "உறுதிமொழில பாதி நான் எடுத்தது" என்று மாமா ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார். விளையாட்டாகச் சொன்னதுதான். சொல்லிச் சொல்லி நிஜமாகிவிட்டது. ஊராட்சி அலுவலகத்து நாற்காலியில் அவர்தான் துண்டைப் போட்டு உட்கார்ந்தார். ஊரும் அவரைத்தான் 'தலைவரே' என்றது. நிஜத் தலைவருக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? 'தலைவரூட்டம்மா'. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாள், அவர் எடுத்துக்கொண்டு போவார்.

மாமா கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, தெருவிளக்கு போட்டார், குழாய் போட்டார். கக்கூஸ் பேச்சை எடுத்தால் மட்டும், "ஆவட்டும் ஆவட்டும், மொதல்ல நல்ல காரியமா நாலு பண்ணுவோம்" என்று துண்டை உதறுவார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தொண்ணூற்றெட்டு ஜூலையில் டில்லியில் அந்த மசோதா மறுபடி வந்தது. வந்த வேகத்தில், சபையிலேயே ஒருத்தர் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தார். டிவியில் சொன்னார்கள். சடையன் அண்ணன் கடையில் அன்றைக்கு ஒரே குதூகலம். "டில்லிலயே கிழிச்சிட்டானுங்க, இங்க இன்னா கெடக்குது!" என்றார். அதே ஜோரில் மாமாவின் தோளில் கை போட்டு, குட்டைப் பக்கத்து இடத்தில் பௌர்ணமிக் கடைகள் கட்டித் தனக்கு விட வேண்டும் என்று கேட்டார். மாமா வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்கு முதல் நாள் சாயங்காலம். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா பேசுவது கேட்டது. "சடையனுக்கு வாக்கு குடுத்துட்டேன். நாளைக்கு எல்லாம் கை தூக்கிட்டா முடிஞ்சிது. நீ கையெழுத்து மட்டும் போடு."

அக்கா சற்று நேரத்தில் என் வீட்டுக்கு வந்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மே மணிமொழி, அன்னிக்கு நான் சொன்னது செல்லுமா?"

"எதுக்கா?"

"அந்த உறுதிமொழி. பேரு வர்ற எடத்த நான் முழுங்கிட்டேன். அவருதான சொன்னாரு."

"செல்லாம இன்னா? ஒன் கையெழுத்துலதான ஊரே ஓடுது."

"கையெழுத்து அடுப்பாண்ட போடறது. நாற்காலில யாரு ஒக்காந்துகினு இருக்குறாங்க? பாதி சொன்னவளுக்குப் பாதிகூட இல்ல போல. அந்த எடமும் போயிடிச்சின்னா வேற எடம் இல்லம்மே."

"அப்ப போய் பேசுக்கா. நான் இருக்குறேன்" என்றேன். அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். எனக்கு மாமா மேல் அவ்வளவு கோபம்.

மறுநாள் பள்ளிக்கூடத்து வராண்டாவில் கூட்டம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும், மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் மாமா வழக்கம்போல உட்கார்ந்தார். பெண்கள் ஜமக்காளத்தில், எங்கள் நடுவில் அக்கா. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்தவர் புது அதிகாரி. ஊர் வழக்கம் அவருக்குத் தெரியாது.

"தலைவர் யாருங்க?" என்றார்.

"நான்தாங்க சார்" என்றார் மாமா, கூச்சமே இல்லாமல்.

"பேரு?"

"மண்ணாங்கட்டிங்க."

அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பாஞ்சாலைனு இருக்குதே?"

"அது அவங்க வூட்டம்மா சார். ரெண்டும் ஒண்ணுதான், எழுதிக்கோங்க" என்றார் சடையன் அண்ணன்.

அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணு இல்லீங்க" என்றாள். "மண்ணாங்கட்டி தலைவர் இல்லீங்க."

ஐயோ, அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வேன்! பெண்கள் அத்தனை பேரும் வாயில் கை வைத்துக்கொண்டோம். யாரோ பின்னந்தலையில் தட்டிவிட்ட மாதிரி மாமா திரும்பினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை.

"அன்னிக்கு நான் அரைகுறையா சொல்லிட்டேன். இன்னிக்கு முழுசா சொல்றேன், எழுதிக்கோங்க சார். மண்ணாங்கட்டி மனைவி பாஞ்சாலை என்னும் நான்தான் இந்த ஊரு தலைவரு."

சொல்லிவிட்டு மேசைப் பக்கம் போய் நின்றாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியில் கிடந்த தன் துண்டை எடுத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தார். அக்கா உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்குக் கொஞ்சம் உயரம், கால் எட்டவில்லை. அதெல்லாம் யார் பார்த்தார்கள்!

"குட்டையாண்ட எடத்துல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ். வேணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றாள். ஜமக்காளம் முழுக்கக் கை. ஆண்கள் பக்கத்தில் முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு கை துண்டோடு எழுந்தது. மாமாவின் கை.

சடையன் அண்ணன் துள்ளி எழுந்தார். "யோவ், எனக்கு வாக்கு குடுத்தியேயா!"

"குடுத்தது மண்ணாங்கட்டிய்யா" என்றார் மாமா. "தலைவரு குடுக்கலியே."

கூட்டம் சிரித்த சிரிப்பில் அதிகாரியும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். ஒவ்வொன்றாக மற்றக் கைகளும் எழுந்தன.

அன்று சாயங்காலம் நான் காதைத் தீட்டிக்கொண்டு சுவரோரம்தான் இருந்தேன், மறைப்பானேன். சண்டை வரும் என்று நினைத்தேன். முதலில் தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் மாமாவின் குரல், ரொம்ப மெதுவாக: "ஏ பாஞ்சால, அந்தப் பேர இன்னொரு வாட்டி சொல்லேன்."

"அது கூட்டத்துல சொல்றது. வூட்ல சொன்னா நல்லா இருக்குமா? போங்க, கை கழுவிகினு வாங்க, சோறு ஆறுது."

கட்டடம் எழும்ப அடுத்த மாசி ஆகிவிட்டது. வரிசையாக அறைகள், மேலே தொட்டி, தாழ்ப்பாள் உள்ள கதவுகள். ஊர்ப் பெண்களுக்கு எந்த நாளும் போகலாம். திறந்த பிறகு வந்த முதல் பௌர்ணமியன்று நான் மத்தியானம் ஒரு சொம்புத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தேன். தண்ணீர் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சடையன் அண்ணன் நாலு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கே காத்து நிற்கும் பெண்களுக்கு டீ நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, கடையையே எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டார்.

போன வருஷம், இரண்டாயிரத்து ஒன்றில், அக்கா மறுபடி நின்று ஜெயித்தாள். சுவரில் இந்த முறை 'பாஞ்சாலை' ஆள் உயரம். எழுதியது மாமாதான், தன் பெயரைப் போட இடமில்லை என்று விட்டுவிட்டார். ஊர் இப்போது அவரைத் 'தலைவரூட்டுக்காரரே' என்று கூப்பிடுகிறது. அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்க்கிறார். வீட்டில் அக்கா அவரைக் கூப்பிடுவது பழையபடி 'இன்னாங்க'தான். கொல்லையில் இன்னும் மண்ணுருண்டைதான்.

டில்லியில் அந்த மசோதா இன்றைக்கும் பாஸாகவில்லை. அவ்வப்போது பேப்பரில் எழும்பும், டீக்கடையில் பேச்சும் எழும்பும். போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே, "சட்டசபையில பொம்பளைங்கள ஒக்கார வெச்சா, புருஷனுங்கதாங்க ஆளுவாங்க" என்றார். சடையன் அண்ணன் பழக்கதோஷத்தில் தலையாட்டப் போனார். பெஞ்சிலிருந்த மாமாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஆளுவாங்க, யாரு இல்லன்னாங்க?" என்றார் மாமா. "நானும் ஆண்டவன்தான். ரெண்டு வருஷம். அப்புறம் ஒரு நாளு பேரச் சொல்லி எழுப்பிட்டாங்க. மொதல்ல ஒக்கார வெய்யிங்க சாமி. பேரு சொல்ற நாளு தானா வரும்."