ஒன்பது பேருந்துகளும் ஒரே நேரத்தில்

பள்ளியில் படிவம் ஐந்து வரை மட்டுமே படித்த நான் இதை எழுத வந்ததற்கு மன்னிக்கவும்.

மாசாய் நகரில் எங்கள் தொழிற்சாலைப் பேருந்துகள் எங்கே வருகின்றன என்று கைபேசியில் காட்டும் பக்கத்தை நானே எழுதினேன். அது திறப்பதற்குள் பேருந்தே போய்விடும். இன்று சரியாகாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார் மேலாளர்.

கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்த சாந்தி என் நிரலைப் பார்த்தார்.

"அலமாக், அண்ணே! ஒரு பஸ் எங்க இருக்குன்னு பதில் வந்த பிறகுதான் அடுத்ததக் கேக்குறீங்க. ஒன்பதையும் ஒண்ணா கேளுங்க லா. எல்லா பதிலும் வந்ததும் பக்கத்தைக் காட்டுங்க."

எனக்கு முகம் சுட்டது. நானே மாற்றி எழுதும்வரை அவர் சாப்பிடப் போகாமல் அருகில் உட்கார்ந்திருந்தார். மேலாளரிடம், "அண்ணனே சரி பண்ணிட்டாரு," என்றார். தெரியாததைக் கேட்க இப்போது எனக்கு அவ்வளவு கூச்சமில்லை.

மறுநாள் பக்கம் உடனே திறந்தது. ஆறாம் எண் பேருந்து தாமதமாகத்தான் வந்தது; பக்கம் அதையும் முன்பே காட்டியது.