பட்டுக்கு வயது ஏற்றிய அக்கா

என் அக்கா புத்தம் புதுப் பட்டுச் சேலை ஒன்றைப் பதினைந்தே நாளில் பழஞ்சேலையாக மாற்றினாள். கிழிக்கவில்லை, வெட்டவில்லை, ஒரு முறைகூட உடம்பில் சுற்றவில்லை. அதற்குப் பிறகு அட்டனிலும் நுவரெலியாவிலும் எத்தனையோ தையற்காரர்களைப் பார்த்துவிட்டேன். அந்தக் கைக்கு ஈடான கையைப் பார்க்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் இதைச் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கையில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். இந்தியாவுக்குத் திரும்பிப் போக மனுப் போட்டவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்துகொண்டிருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருந்த எங்கள் லயம் மாதம் ஒன்றிரண்டு வீடாகக் காலியானது. அக்காவுக்கும் மச்சானுக்கும் வந்தது. நான் இங்கேயே இருக்க மனுப் போட்டவன், எனக்கு வரவில்லை.

அக்காவின் கலியாணம் துணித் தட்டுப்பாட்டுக் காலத்தில் இரவல் சேலையில் நடந்தது. தாலி கட்டிய மறுநாள் அதைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தாள். இப்போது தோட்டத்தில் பேர் வெட்டி வேலையிலிருந்து நின்றதும் கைக்கு வந்த காசில் அட்டன் கடையில் ஒரு பட்டு வாங்கினாள். எலுமிச்சை மஞ்சள், அரக்குக் கரை, கரையில் சரிகை. துறையூர்ப் பக்கம் எங்கள் அப்பா பிறந்த ஊர் இருக்கிறது. அதை நாங்கள் யாரும் கண்டதில்லை. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தச் சேலையில்தான் இறங்குவது என்று முடிவு செய்திருந்தாள்.

"கஞ்சிக்கு வழியில்லாம கப்பலேறுனவங்க வீட்டுப் பொண்ணு, போன மாதிரியே திரும்பி வந்துட்டான்னு ஒரு வாய் சொல்லக்கூடாது, தம்பி" என்றாள். வேறெதற்கும் அவள் இப்படிப் பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் முன்னே போனவர்களிடமிருந்து ஒரு சேதி வந்தது. கப்பல்துறையில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்களாம். உடுத்திய துணிக்குக் கேள்வியில்லையாம், கடைத்துணி என்று தெரிந்தால் வரி கேட்பார்களாம். உண்மையோ பொய்யோ, லயம் முழுக்க அதே பேச்சு. பலர் புதுச்சேலையை நாலு நாள் கட்டிக் கசக்கிப் பெட்டியில் வைத்தார்கள். அக்கா மாட்டேன் என்றாள். அந்த ஊர் மண்ணில்தான் முதன்முதல் கட்டுவாளாம். கட்டாமலே பழசாக்க வேண்டும், அங்கே போனதும் திரும்பவும் புதுசாக்க வேண்டும்.

முதலில் சேலையை அடுப்புக்கு மேலே, விறகு காயும் பரணில் தொங்கவிட்டாள். கடை மணம் போய் எங்கள் எல்லார் உடுப்பிலும் இருக்கிற புகை மணம் ஏறியது. ஒரு சுவர் தள்ளி அடுத்த காம்பிராவில் இருந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, பட்ட எடுத்துக் கருவாடு மாதிரி தொங்கப் போட்டிருக்கியே! பேய் கீய் புடிச்சிருக்கா?"

"பேய்க்குப் பயந்துதான் அத்தை. கப்பல்ல ஏறுற எடத்துல மூட்டையப் பிரிக்கிற பேய்."

மச்சான் வாசலில் பீடி பற்றவைத்தபடி, "பிச்சைக்காரிக்குப் பட்டு உடுத்திப் பாத்திருக்கேன். பட்டுக்குப் பிச்சைக்காரி வேஷம் போடுறவ ஒங்க அக்கா ஒருத்திதான், மாப்ளே" என்றார்.

"நீங்க போடுற வேஷத்தவிட இது ஒண்ணும் மோசமில்ல. எந்திரிச்சு வெறகப் பொளங்க" என்றாள் அக்கா.

அடுத்தது நிறம். எங்களிடம் இருந்த சாயம் ஒன்றுதான், தேத்தண்ணி. சேலையில் நேராகப் போட அவளுக்கு மனமில்லை, என் வெள்ளைச் சட்டையைக் கேட்டாள். கோயிலுக்குப் போட நான் வைத்திருந்தது. கேட்டவள் அக்கா, கொடுத்துவிட்டேன். துருப்பிடித்த தகர வாளியில் தேயிலைத் தூளைக் காய்ச்சிச் சட்டையை முக்கினாள். பழுப்பாக வரும் என்று நினைத்தோம். மறுநாள் எடுத்தபோது மை கொட்டியதுபோல் கறுத்துக் கிடந்தது.

அக்கா தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். பத்து வயதிலிருந்து கொழுந்து பறித்த விரல்கள். "கத்தி புடிச்சுத் தேயிலச் செடிய மட்டம் வெட்டுற அன்னைக்கெல்லாம் கை கூடுதலாக் கறுத்துப் போவுமே. இரும்பும் தேயிலையும் சேந்தா கறுப்புன்னு இந்தக் கைக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒன் சட்டை பரவால்ல தம்பி, மலை வேலைக்குப் போட்டா அழுக்குத் தெரியாது" என்றாள். இரண்டு வருடம் மலைக்குப் போட்டேன். அழுக்கு தெரியவில்லைதான்.

அடுத்த முறை மண்சட்டியில் காய்ச்சி, சேலையோடு வந்த ரவிக்கைத் துண்டில் ஓர் ஓரத்தை நனைத்துப் பார்த்தாள். தேன் நிறம் வந்தது. அந்த ஓரத்தைப் பீலியில் மூன்று தரம் அலசி எலுமிச்சம்பழம் தேய்த்ததும் மஞ்சள் திரும்பி வந்தது. மலையிலிருந்து லயத்துக்கு இரவும் பகலும் தண்ணீர் கொட்டுகிற எங்கள் பீலி அது. அக்காவுக்குத் தைரியம் வந்தது.

நான் மலைத்துப்போனது அதற்குப் பிறகுதான். சேலையை அவள் மொத்தமாக முக்கவில்லை. இரண்டு நாள் காலையில் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிடும் நேரம், வரிசையில் நிற்கிற பெண்களின் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழஞ்சேலை எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி பழசாவாது தம்பி. தோள்ல பழசாவும், இடுப்புல பழசாவும், குதிகால் படுற ஓரத்துல ரொம்பப் பழசாவும். ஒரே மாதிரி ஏத்துனா பாக்குறவனுக்குப் பொய்யின்னு தெரிஞ்சிடும்."

துணிப்பந்தால் தொட்டுத் தொட்டு நிறம் ஏற்றினாள். தோளில் கொஞ்சம், இடுப்பில் இன்னும் கொஞ்சம், கீழ்க்கரையை நோக்கிப் போகப் போக அடர்த்தியாக. சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் என் வேலை.

கடைசியாக ஒட்டுப் போட்டாள். பழைய நூல் சேலையிலிருந்து வெளிறிய கரையைக் கிழித்துச் சரிகையை மூடித் தைத்தாள். முந்தானையில் மூன்று ஒட்டு, கொசுவம் வருகிற இடத்தில் இரண்டு. எல்லாம் நீள நீளத் தையல். ஒரு முனையை இழுத்தால் முழுதும் கழன்று வரவேண்டும். "ஊசி எழைக்கும் எழைக்கும் நடுவுல போவணும். எழையக் குத்துனா ஓட்டை நின்னுடும்" என்று சொல்லிக்கொண்டே தைப்பாள். முடித்து மடித்து வைத்தபோது, உள்ளே பட்டு இருப்பது தெரிந்த எனக்கே அது பழந்துணியாகத்தான் தெரிந்தது.

அட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அது மூட்டையின் மேலேயே இருந்தது. அப்படித் திட்டமிட்டு வைத்தவளும் அவள்தான்.

இரண்டு மாதம் கழித்து மச்சான் கடிதம் போட்டார். கப்பல்துறையில் அதிகாரி அந்தச் சேலையை இரண்டு விரலால் தூக்கினாராம், முகர்ந்தாராம், மூக்கைச் சுளித்துக் கீழே போட்டாராம். அக்கா சிரிப்புத் தாங்காமல் அழுகிறவள்போல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

ஆனால் அக்கரையில் இறங்கித் தங்கிய இடத்தில் சேலையைப் பிரித்தபோதுதான் எங்கள் தவறு தெரிந்திருக்கிறது. ஒட்டெல்லாம் சொன்னபடி கழன்றன. சரிகை பளிச்சென்று வந்தது. அலசத்தான் தண்ணீர் இல்லை. குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம், அதுவும் குடிக்க. ஊரிலும் கோடையில் கிணறு வற்றிக் கிடக்கிறது என்றார்கள். பதினைந்து நாள் யோசித்த அக்காவும், கூடவே நின்ற நானும், தண்ணீர் இல்லாத ஓர் ஊர் இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து பீலிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்படித் தோன்றும்?

புகை மணத்தோடும் தேத்தண்ணி நிறத்தோடும் அதையே கட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாளாம். அப்பாவின் தங்கை வீட்டுப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். அந்த வீட்டு மருமகள் முந்தானையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்ன கலருங்க, தோள்ல தேன் மாதிரி இருந்து கீழ போகப் போகக் கறுத்துக்கிட்டே போவுது? இங்க எந்தக் கடையிலயும் பாத்ததில்லியே. சிலோன் பட்டா?"

அக்கா தலையை நிமிர்த்தி, "ஆமாங்க, எங்க தோட்டத்துக் கலரு" என்றாளாம்.

"நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது" என்று மச்சான் எழுதியிருந்தார். பிறகு மழை வந்ததாம், கிணறும் நிறைந்ததாம். அக்கா சேலையை அலசவில்லையாம்.

கடிதத்தின் அடியில் அக்கா சொல்லி மச்சான் எழுதியது நாலு வரி. அந்தத் தெருவில் மூன்று பேர் தங்கள் சேலைக்கும் அதே நிறம் கேட்கிறார்களாம், மண்சட்டி வாங்கிவிட்டாளாம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் நல்ல தூளாக இரண்டு பொட்டலம் கொடுத்துவிடு, குடிக்க இல்லை.