ஒவ்வொரு படியிலும் ஒரு பிடி

ஆய்வகத்தில் என்னிடம் யோசனை கேட்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பல படிகளில் செய்கிற பொருளென்றால், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் எடுத்து ஒளித்து வை. குடுவை ஈரமாக இருக்கக் கூடாது, காயாததை எடை போடாதே, படிகம் வரவில்லையென்றால் கண்ணாடிக் குச்சியால் உட்சுவரைக் கீறிப் பார், இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. எடுத்து வைக்கச் சொன்னவள் என் தோழி.

புதுச்சத்திரம் பக்கம் நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தோம். கடைசி ஆண்டுப் புராஜெக்டை இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும். நானும் அவளும் ஜோடி. பாதாம் வாசனை அடிக்கும் பென்சால்டிகைடை வெள்ளைத் தூளாக்கி, அதை மஞ்சள் படிகமாக்கி, கடைசியில் பென்சிலிக் அமிலமாக முடிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அவள் கொஞ்சம் எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டு வைப்பாள். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார்களே, அந்தப் பழக்கம்.

"அடி கஞ்சப் பிசினாரி!" என்பேன்.

"அரைக் கெணறு தாண்டி உளுந்தீன்னா, மறுக்கா மொதல்ல இருந்தா தாண்டுவ? சிரிக்காத புள்ள."

மஞ்சள் படிகம் வந்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆனது. குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். "நீ புராஜெக்ட்ட முடிச்சு வெய்யி. நான் வந்து பரீட்சை எழுதீர்றேன். என்ற ஊட்டுக்காரரும் சரின்னுட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். புராஜெக்ட் முடிந்தால் அவள் வருவாள். முடியாவிட்டால், அவள் எதற்கு வரப்போகிறாள்?

தனியாக ஆய்வகத்தில் வேலை செய்வது போல ஒரு கொடுமை கிடையாது. மற்ற மேசைகளில் ஒருத்தி ஊற்றினால் ஒருத்தி பிடிப்பாள், சோற்றுப் பொட்டலத்தையும் பங்கு போட்டுத் தின்பார்கள். நான் பேச ஆளில்லாமல் பர்னரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் படிக்காக மஞ்சள் படிகத்தைக் காரத்தில் கொதிக்க வைத்து, பழுப்பாய்ப் போன கரைசலைப் பீக்கரில் ஆற வைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அடியில் உப்பு படிய வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

மறுநாள் ஆய்வகத்தில் ஆயுத பூசை. உள்ளே நுழைந்தால் ஆய்வகமே பளபளவென்றிருந்தது. தராசுக்குச் சந்தனம், அடுப்புக்கு விபூதிப் பட்டை. என் பீக்கர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டு, அதன் முதுகிலும் ஒரு குங்குமப் பொட்டு.

"இதுல இருந்தது எங்கடி?"

முதலாமாண்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். "புளித்தண்ணியாட்ட இருந்துச்சுங்க்கா. சாமி கும்பிடற எடத்துல அழுக்கு இருக்கக் கூடாதுன்னு ஊத்திப்போட்டோமுங்க."

"ஆய்வகத்துல ரசமா வெச்சிருப்பேன், எருமைகளா!"

கத்திய கத்தலில், பூசைக்குச் சங்கு ஊதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவர்கள், என் கையில் ஒரு தட்டுப் பொரிகடலையைத் திணித்து "கோவிச்சுக்காதீங்க்கா" என்றார்கள். வெளியே மாலை போட்ட லாரிகள் வரிசையாக நின்றன. உடைத்த பூசணிக்காய்களை மிதிக்காமல் பேருந்து நிறுத்தம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

விடுமுறை முடிந்ததும் எங்கள் இழுப்பறையைத் திறந்தேன். அவள் குப்பி இருந்தது. அடியில் கொஞ்சம் மஞ்சள் படிகம். எல்லாவற்றையும் கொட்டிக் கடைசிப் படியை மறுபடி செய்தேன். இம்முறை பீக்கர் மேல் "தொட்டால் கொலை விழும்" என்று எழுதி ஒட்டினேன். படிந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, பென்சிலிக் அமிலம் வெள்ளை வெளேரென்று இறங்கியது.

"ஏய், வந்துருச்சு புள்ள!" என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன். பக்கத்தில் யாருமில்லை. அடுத்த மேசைக்காரிகள்தான் விநோதமாகப் பார்த்தார்கள்.

காய வைத்துக் குப்பியில் போட்டு, இருவர் பெயரையும் எழுதி ஒட்டி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாயங்காலம் குரல் பதிவு வந்தது. பின்னால் தறிச் சத்தம்.

"அழகா இருக்குது புள்ள. என்ற பேர மட்டும் எடுத்துரு. நான் பரீட்சைக்கு வரப்போறதில்ல. போனப்பவே தெரியும், உன்ற மூஞ்சியப் பார்த்துச் சொல்லத் தெம்பில்ல. கோவிச்சுக்காத சாமி."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. துரோகி என்று பர்னரிடம் சொன்னேன். பிறகு ஒட்டிய தாளை நனைத்து உரித்துவிட்டு, என் பெயரை மட்டும் எழுதினேன். ஒப்படைக்கும் முன் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வேறொரு குப்பியில் போட்டு, அதன் மேல் அவள் பெயரை எழுதினேன்.

அவள் எடுத்து வைத்தது எனக்கு உதவியது. நான் எடுத்து வைத்ததைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை.