நசுங்கலின் மேல் சந்தனம்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மலையாளம் கலந்து பேசும் ஒருவரிடம், கையால் செய்த பழைய எஃகு ரேஸ் சைக்கிள் பிரேம் வாங்கினேன்.

“மேல் குழாயில ஒரு நசுங்கல் உண்டு, கேட்டோ,” என்றார்.

விரல் அங்கே பட்டதும் எனக்குப் பதினோரு வயதாகிவிட்டது. நவராத்திரிப் பூஜை வைப்பின்போது எங்கள் புத்தகங்களோடு அப்பாவின் ரேஸ் சைக்கிளும் சரஸ்வதி படத்தின் முன் நிற்கும். விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. நான் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டி, குளத்துப் படிக்கல்லில் மோதினேன். அப்பா திட்டவில்லை. “அம்மாகிட்ட மூச்சு விடாதே,” என்று சொல்லி, நசுங்கலை மறைத்துப் பெரிதாகச் சந்தனம் அப்பினார். பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில்தான் பொட்டு.

இப்போது அப்பா இல்லை. புதிதாக வந்த பிரேமுக்குப் பொட்டு வைக்க அம்மா கிண்ணத்தோடு வந்தாள். குழாயைத் தடவி, நேரே நசுங்கலில் சந்தனத்தை வைத்தாள்.

“உங்கப்பா மறைச்சது இதைவிடப் பெரிசுடா,” என்றாள்.