மாட்டு டாக்டர் தள்ளாடி நடந்தார்

மாட்டு டாக்டர் பெரியண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது, நான் சேலம் பஸ்ஸில் பிளாஸ்டிக் கவருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டிலேயே பிறந்து, ஐம்பதைத் தாண்டியும் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் நான்தான். எழுதவே கூச்சமாக இருக்கிறது... போகட்டும்.

அவரோடு பழக்கமானதே அந்தக் கவரால்தான். பல வருஷம் முன்பு, இதே பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்.

"வயித்து மேல தப்பில்லீங்க. திரும்புறோம்னு காது சொல்லுது, சும்மா உக்காந்திருக்கோம்னு கண்ணு சொல்லுது. ரெண்டுக்கும் சண்டை. தூரமா மலையைப் பாருங்க" என்றார்.

மலையைப் பார்த்தபடியே எடுத்தேன்.

இன்னொரு நாள் வெள்ளக்கடை கிராமத்தில், எஸ்டேட் வேலைக்குப் போகும் மாராயி அக்கா வீட்டில் அவரைப் பார்த்தேன். அக்காவின் பூனைக்குட்டி நாலு எட்டு வைக்கும், சாயும், எழும், மறுபடி சாயும்.

"ஆராச்சும் செய்வினை வெச்சுட்டாங்களா டாக்டருங்க?"

டாக்டர் அங்கே மேய்ந்த கோழியைப் பிடித்து, அதன் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினார். தலை மட்டும் ஆணி அடித்தது போல அதே இடத்தில் நின்றது.

"உடம்பு எப்படி ஆடுனாலும் கண்ணு நெலையா நிக்கோணும், கால் தடுமாறக் கூடாது. அதுக்குப் பின்மண்டையில சிறுமூளைன்னு ஒரு ஆபீஸர் இருக்காருங்க. இந்தக் குட்டிக்கு அவரு சரியா வளரலை. சாகாது, பால் ஊத்துங்க."

ஊரே அந்தக் குட்டிக்குப் பால் ஊற்றியது.

சில வருஷம் கழித்து டாக்டரே அப்படி நடக்க ஆரம்பித்தார். காலை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு... பேச்சும் குழறியது.

சேலத்தில் ஸ்கேன் எடுத்துச் சிறுமூளை சுருங்குகிறது என்றார்கள். எங்கள் ஊர் ஸ்கேன் எடுக்காமலே, அவர் காலையிலேயே தண்ணி போட்டுவிடுகிறார் என்றது.

டீக்கடையில் ஒருமுறை கண்ணை விரித்துக் காட்டினார். கருவிழி பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தது. "பேப்பர்ல எழுத்தெல்லாம் குதிக்குதுங்க."

"ஓவராப் போனா எங்களுக்கும் குதிக்குமுங்க" என்றார் பெஞ்சில் இருந்தவர். கடையே சிரித்தது. நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

அவர் தள்ளாடி நடப்பதைப் பாட்டு சேர்த்து வீடியோவாக வாட்ஸப்பில் விட்டார்கள். அப்புறம் ஒருத்தரும் மாட்டைப் பார்க்கக் கூப்பிடவில்லை. மாராயி அக்காவும்தான்.

"பூனை தள்ளாடுனா பாவம்ங்கிறாங்க. நான் தள்ளாடுனா எந்தக் கடைன்னு கேக்குறாங்க" என்றார் என்னிடம். சிரிக்கவில்லை.

வீடியோ எடுத்தவர்தான் இன்று சாவு வீட்டில் முதல் ஆளாக மாலையோடு நின்றார். ஸ்டேட்டஸும் வைத்திருக்கிறார், கை கூப்பிய படத்தோடு.

போய் வாருங்கள் டாக்டர். இனி யாரும் உங்கள் நடையைப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்று... நான் சொல்லாவிட்டால் எவனாவது கமெண்ட்டில் வந்து சொல்வான். கடைசி ஒரு வருஷம் டாக்டர் நிஜமாகவே குடித்தார்.