மூன்றாவது சென்சார்

பேய்க் கதை என்றால் நள்ளிரவு வேண்டும், எங்காவது ஒரு நாய் ஊளையிட வேண்டும். இதில் இரண்டும் இல்லை. வேலை நாள், பிற்பகல், சுங்க வளாகத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்று 3.42க்கு நான் எங்கே நின்றேன், என் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்சி ஒன்றில் நான் குமாஸ்தா. வெளிநாட்டிலிருந்து பழம் வந்தால் சுங்கத்துக்கும் வேளாண் சோதனை அலுவலகத்துக்கும் காகிதம் சுமந்து அலைவது என் வேலை. காத்திருக்கும் நேரத்தில் நாவல் படிப்பேன், பெரும்பாலும் பனி பெய்யும் ஊர்க் கதைகள். குளிரைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று வந்தது என் அக்காவின் கன்டெய்னர். பேரிக்காய். அத்தான் போன பிறகு பழக்கடையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தவளிடம், நேராக இறக்குமதி செய்யலாம், காகித வேலை முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆசை காட்டியது நான்தான். காதில் கழுத்தில் கிடந்ததையெல்லாம் கழற்றி இதில் போட்டிருந்தாள். காலை எட்டு மணியிலிருந்து வாசலில் லாரி டிரைவரோடு நின்றுகொண்டிருந்தாள்.

விதி இதுதான். பழத்துக்குள் ஈ முட்டையிட்டிருந்தால் அது குளிரிலேயே சாக வேண்டும். அதற்காகப் பயணம் முழுக்கப் பழத்தின் உள்சூடு ஒரு டிகிரியைத் தாண்டக் கூடாது. சரக்கு ஏற்றும்போதே மூன்று பழங்களில் ஊசி மாதிரி மூன்று சென்சார்களைக் குத்தி விடுவார்கள். கன்டெய்னருக்கு வெளியே உள்ள திரையில் அவற்றின் கணக்கு ஓடும். மூன்றும் சரியாக இருந்தால்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். ஒன்று தப்பினாலும் மொத்தச் சரக்கும் எரிப்புக்கூடத்துக்குப் போகும்.

பயணப் பதிவு முழுக்கச் சுத்தம். 1.10க்கு, வெட்டிப் பார்க்க மாதிரிப் பழம் எடுப்பதற்காகக் கதவைத் திறந்தோம். 2 மணிக்குத் திரையைப் பார்த்தோம்.

முதல் சென்சார் 0.4. இரண்டாவது 0.5. மூன்றாவது 36.8.

கன்டெய்னரின் குளிர் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "என்ன தம்பி, பழத்துக்குக் காய்ச்சலா?" பிறகு அவரே, "காய்ச்சல்கூட இல்ல, நார்மல்" என்றார்.

சோதனை அதிகாரி சிரிக்கவில்லை. அவரை நாங்கள் பூச்சி மேடம் என்போம். அது அவருக்கும் தெரியும். அறுபது பழம் வெட்டிப் பார்த்தாயிற்று, ஒரு புழு இல்லை, கருவிதான் கெட்டிருக்கிறது என்று நான் கெஞ்சினேன். கருவி பழுது என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றேன்.

"மூணுல ரெண்டு சரியா இருந்தா பாஸ்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அஞ்சு மணி வரைக்கும் நேரம் தரேன். அதுக்குள்ள சூடு எறங்கலன்னா நான் எரிக்கத்தான் எழுதணும்."

மெக்கானிக் அண்ணன் உள்ளே போய் மூன்றாவது சென்சாரை உருவிக்கொண்டு வந்தார். ஐஸ் தண்ணீரில் முக்கினார். 0.0. கருவியில் கோளாறே இல்லை. திரும்பப் போய் வேறொரு பழத்தில் குத்திவிட்டு வந்தார்.

3.20க்கு 9.1. 3.25க்கு 22. 3.30க்கு மறுபடி 36.8.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பட்டறையில் வேறு சென்சார் இருக்கிறதா பார்க்கிறேன் என்று போனார். வேகமாகத்தான் போனார்.

அக்காவிடமிருந்து போனில் ஒரே கேள்வி. 'முடிஞ்சிருச்சாடா?' போனைப் பையில் போட்டேன். உள்ளே நுழைந்தேன்.

மாதிரிக்காக முன்வரிசைப் பெட்டிகளை இறக்கியிருந்ததால் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து இருந்தது. நாலடி போனதும் வெயில் முதுகை விட்டுவிட்டது. பத்தடி போனதும் விரல் மரத்தது. மூன்றாவது சென்சாரின் ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன்.

3.40. குளிர்க்காற்றை வீசும் விசிறி நின்றது. ஐஸ் உருக அது அவ்வப்போது தானாக நிற்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அமைதி... காதில் பஞ்சு அடைத்த மாதிரி.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்டக்டக்...

குளிரில் பல்லோடு பல் அடித்துக்கொள்கிற சத்தம். என் பல்தான் என்று நினைத்தேன். சட்டைக் காலரை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன்.

டக்டக்டக்... டக்...

நிற்கவில்லை.

எனக்கு முன்னால், இரண்டு பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் ஒரு கை அகல இடைவெளி. ஒயர் அதற்குள் போயிற்று. தொய்ந்து கிடக்க வேண்டிய ஒயர், விறைப்பாக இருந்தது.

சத்தம் வரும்போதெல்லாம் அது நடுங்கியது.

3.42. ஒயரைப் பிடித்தேன். கதகதப்பாக இருந்தது.

இழுத்தேன்.

அந்தப் பக்கம்... இழுத்தது.

பலமாக இல்லை. கைக்குழந்தை விரலைப் பிடித்துக்கொள்ளுமே, அந்த அளவுக்குத்தான். விட மாட்டேன் என்கிற மாதிரி.

ஓடியிருக்க வேண்டும். என் கால் ஓடத்தான் பார்த்தது. ஆனால் அக்காவின் மூளியான காது கண்முன் நின்றது. பேயோ பிசாசோ, அதனிடம்தான் இப்போது எங்கள் வாழ்வு மாட்டிக்கொண்டிருக்கிறது.

"விட்டுருங்க" என்றேன். வாயில் காலர். அதைத் துப்பிவிட்டு மறுபடி சொன்னேன். "எங்க அக்கா வெளிய நிக்கிறா. இது போனா அவளுக்கு ஒண்ணுமே இல்ல. கையெடுத்துக் கும்புடுறேன்... விட்டுருங்க."

சத்தம் நின்றது.

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் சொல்வதைக் கேட்பது மாதிரி இருந்தது.

பிறகு...

ஒயர் தளர்ந்தது.

சென்சார் என் உள்ளங்கைக்கு வந்தது. சூடாக. ஈரமாக.

ஊசிக்கு மேலிருந்த ரப்பர் உறையில் பற்தடம். மேலே நாலு. கீழே நாலு.

கைக்கு எட்டிய பேரிக்காயில் அதைக் குத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

4 மணிக்கு 1.8. நாலேகாலுக்கு 0.6. நாலரைக்கும் 0.6. மேடம் இரண்டு முறை பார்த்துவிட்டு 4.50க்குக் கையெழுத்துப் போட்டார். என் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்து, வெயிலில் போய் நில்லுங்கள் என்று மட்டும் சொன்னார். அக்கா லாரியிலேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் காலை கடைசிப் பெட்டி வரை நானே நின்று இறக்கினேன். உள்ளே பேரிக்காயைத் தவிர எதுவும் இல்லை. இடைவெளிக்குப் பின்னால் நேராகச் சுவர்தான். ஆள் நிற்க இடமே கிடையாது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மெக்கானிக் அண்ணன்தான் டீக்கடையில் என்னைத் தனியே கூப்பிட்டார். கப்பல் கம்பெனியில் தெரிந்தவர் ஒருவரிடம் அந்தக் கன்டெய்னரின் நம்பரைக் கொடுத்துப் பழைய பதிவை விசாரித்திருக்கிறார். மூன்று பயணத்துக்கு முன்னால், சரக்கு ஏற்றிய ஊரில், சென்சார் குத்துகிற தொழிலாளி ஒருவன் மூன்றாவதைக் குத்த உள்ளே போயிருக்கிறான். அவன் இருப்பது தெரியாமல் கதவைச் சாத்தி விட்டார்கள். தட்டியிருப்பான். விசிறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"ஊசிய எடுத்து வாயில வெச்சிக்கிட்டானாம் தம்பி" என்றார். "வெளிய நம்பரப் பாத்தாவது உள்ள ஆள் இருக்குன்னு எவனாவது தொறப்பான்னு."

மணிக்கு ஒருமுறை பதிவு. ஒன்பது மணி நேரம் 36க்குக் குறையவில்லையாம். ஒன்பது முறையும் யாரோ பார்த்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். பத்தாவது மணியிலிருந்து இறங்கியிருக்கிறது. கண்டெடுத்தபோதும் ஊசி பல்லுக்கு நடுவில் இருந்ததாம். வாயைத் திறந்து எடுக்க முடியாமல் ஒயரை வெட்டித்தான் தூக்கினார்களாம்.

செத்தும் விடாததை, நான் கேட்டதும் விட்டுவிட்டான்.

அன்று 1.10லிருந்து அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது. விடு, விடு என்று கெஞ்சினேனே தவிர, வெளியே வா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

4.55க்கு அதைச் சாத்திப் பூட்டியது நான்தான்.