எக்ஸ்ரே அறைக்குள் ஒருவர் மட்டும்

என் மகனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்துகொண்டவள் என் கணவரின் அண்ணன் மனைவி. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது. கூப்பிடுவது வேறு, எரிவது வேறு.

எங்கள் ஊர்ப்பக்கம் கருங்கல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அவனை எடுத்தார்கள். துடைத்துவிட்ட நர்ஸ்தான், பிள்ளைக்கு மலம் போகிற வழி திறக்கவே இல்லை என்று கண்டாள். அந்த இடத்தில் சின்னக் குழி மட்டும் இருந்ததாம். உடனே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எனக்கோ பிரஷர் ஏறிக் கிடந்தது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. கணவர் துபாயில். அக்காதான் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினாள். கேட்காமல் ஏறினாள் என்று சொன்னால் அநியாயம், நான்தான் தலையாட்டினேன். ஆனாலும் ஏறினாள் அல்லவா?

நான் எழுந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவன் வயிற்றில் மலம் போக ஒரு துவாரம் போட்டு முடித்திருந்தார்கள். அக்கா கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"பொறந்த ஒடனே படம் எடுத்தா தெரியாதாம் மக்கா. காத்து குடலுக்க அடி வர எறங்கணுமாம். ஒரு நாள் காத்துக் கெடந்தோம். பொறவு பிள்ளைய கமத்திப் போட்டு, இடுப்ப மேல பொக்கி வச்சி, அந்தக் குழியில ஒரு ஈயப் பொட்டு ஒட்டுனாவ. காத்து நிக்கிய எடத்துக்கும் பொட்டுக்கும் எவ்வளவு தூரம்னு படத்துல பாப்பாவளாம். நாந்தான் அனங்காம பிடிச்சிட்டு நின்னேன். எனக்கு ஒரு ஈயக் கோட்டு போட்டு விட்டாவ. அதுக்கு முந்தி, விசேஷம் உண்டான்னு கேட்டாவ. எனக்குச் சிரிப்பு வந்திட்டு."

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லாதவள் அக்கா. சர்ச் வாசலில் ஊரே கேட்டுச் சலித்த கேள்வி அது. அவள் சிரித்ததற்கு நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்த 'நாந்தான்' மட்டுமே காதில் நின்றது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள்தான். பழைய வேட்டியைக் கிழித்து, துவாரத்தைச் சுற்றித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, புதுத் துணி வைத்துக் கட்டுவாள். வயிற்றுக்கு வெளியே சிவப்பாகத் தெரிந்த குடலைக் கண்டாலே எனக்குக் கை நடுங்கும். அவள் ஏதோ ஒரு சர்ச் பாட்டின் மெட்டை முனகிக்கொண்டே செய்து முடித்துவிடுவாள். அந்த முனகலுக்கு அவன் அழுகையை நிறுத்துவான். என் மடியில் பால் குடிக்கும்போதுகூட அவள் குரல் கேட்கிற பக்கம் கண்ணை உருட்டுவான். பால் என்னுடையது, பார்வை அவளுக்கு. பார்க்க வந்த ஒருத்தி, "பெத்தவகூட இப்பிடிப் பாக்க மாட்டா" என்றாள். பெற்றவள் அவளுக்குச் சாயா கொண்டுவந்து பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

சில மாதங்கள் கழித்து, பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். வயிற்றுத் துவாரம் வழியாகக் கீழ்க்குடலுக்குள் மருந்தைச் செலுத்தி, அடைபட்ட குடல் எங்கே போய்ச் சேர்கிறது என்று திரையில் ஓடும் எக்ஸ்ரேயில் பார்ப்பார்களாம். ஆண் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் மூத்திரப் பாதையில் சேர்ந்திருக்குமாம். தாழ்வாகச் சேர்ந்திருந்தால், வளர்ந்த பிறகு தானே அடக்கிப் போகப் பழகிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. உயரத்தில் சேர்ந்திருந்தால் பாடுதான். என் பிள்ளை பள்ளிக்கூட பெஞ்சில் மற்றவர்களைப் போல உட்காருவானா என்பது அந்தப் படத்தில் இருந்தது. அதை அக்கா முதலில் தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொல்வாளாம். திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் வரும்போதே சண்டைக்கு வேண்டிய பேச்சைத் தயார் செய்துவிட்டேன்.

அறை வாசலில், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். வழக்கம் போல அக்கா கோட்டுக்குக் கை நீட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்த பெண் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள். இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"நாள் தள்ளிப் போயிருக்கு மக்கா. இன்னும் ஆரிட்டயும் சொல்லல்ல. நீ போ" என்றாள் மெதுவாக.

பிடுங்கி வாங்க நினைத்ததைச் சும்மா கொடுத்தால் யாருக்கு ருசிக்கும்? அடுத்து அதே கேள்வி எனக்கு. துபாயிலிருந்து போனில் பிள்ளை வராது என்று வாய்வரை வந்தது. இல்லை என்று மட்டும் சொன்னேன்.

கோட்டின் கனம் தோளைக் கீழே இழுத்தது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோளையும் தொடையையும் பிடிக்கச் சொன்னார்கள். அவன் அலறி, என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்தான். அக்காவின் மெட்டை முனகிப் பார்த்தேன், வரவில்லை. ஆனால் கையை விடவில்லை, கை நடுங்கவும் இல்லை. திரையில் மருந்து குடலை நிரப்பிக்கொண்டு இறங்கியது. அதன் நுனியிலிருந்து நூல் போல ஒரு வழி மூத்திரப் பாதைக்குள் போனது. "தாழத்தான் சேருது. நல்லது" என்றார் டாக்டர், எனக்காகத் தமிழில்.

வெளியே அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். "என்ன சொன்னாவ?"

முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்திருந்தேன். பிறகு சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். பிள்ளை என் கையிலிருந்து அவளிடம் தாவினான். அவனை வாங்கி மார்போடு அணைத்து, அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"எனக்க பிள்ளைக்கும் இப்பிடி ஆயிருமா மக்கா?"

"ஆகாதுக்கா" என்றேன். ஆகாது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவள் பிள்ளை குறையில்லாமல் பிறக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.